எவ்வளவு வரும்? மீரியபெத்தயும் எங்கள் பிள்ளைகள் எழுதும் முதல் பக்கமும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசித்துவிட்டு உங்கள் வீட்டில் சாதாரண தரம் எழுதிவிட்டு பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளை இருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

முதலில் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் படித்த ஒரு பையன், கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை, சாதாரண தரம் எழுதி முடித்த கையோடு பாடசாலைக் கணினி அறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். பாடப் புத்தகத்தில் எச்.டி.எம்.எல். பற்றி இருக்கும் சில பக்கங்கள்தான் அவனுக்குத் தொடக்கம். தலைப்பு போடுவது, அட்டவணை கட்டுவது, நிறம் மாற்றுவது. பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம். மூன்று மாதம் கழித்து ஒரு பக்கம் செய்து காட்டினான்.

அது அவனுடைய லயத்தின் பட்டியல். எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம், எத்தனை பேர், அதில் நடக்க முடியாத வயதானவர் யார், கைக்குழந்தை எங்கே, யார் கொழும்பில் வேலை, போன் இலக்கம் என்ன. மேலே ஒரு சின்னப் பெட்டி. அதில் அன்றைய மழை எத்தனை மில்லிமீற்றர் என்று போட்டால் பக்கத்தின் நிறம் மாறும். 75ஐத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. 24 மணித்தியால மழைக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையில் சொல்லும் அளவுகள்தான் அவை. சிவப்பு வந்தால் முதலில் யாரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும்.

ஆரம்பநிலைக்காரன் எழுதிய பக்கம். அழகாக இல்லை, ஒரு இடத்தில் எழுத்துப் பிழையும் இருந்தது. ஆனால் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. ஏன் என்று மீரியபெத்தயைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வாரம் அவனுடைய மாமா பாடசாலைக்கு வந்தார். மரியாதையான மனுசன். நின்றுகொண்டே கேட்டார். "சேர், தம்பி என்னமோ கொம்பியூட்டர்ல செய்றானாம். இதுல மாசம் எவ்வளவு வரும்?"

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "நல்லாப் படிச்சா லட்சக்கணக்குல வரும். டொலர்ல சம்பளம் எடுக்கலாம்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏழு மாதம் போனது. ஒரு டொலரும் வரவில்லை, வரவும் முடியாது. ஏழு மாதத்தில் தச்சனும் ஆக முடியாது, தையல்காரனும் ஆக முடியாது. வீட்டில் "லட்சம் எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பையன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய்விட்டான்.

அவனை அனுப்பியது மாமா இல்லை. எங்கள் பதில்தான். "எவ்வளவு வரும்?" என்ற கேள்விக்கு நாங்கள் பெரிய தொகை ஒன்றைச் சொல்லி, அந்தத் தொகையை அந்தப் பிள்ளையின் தலையில் கடனாக ஏற்றிவிட்டோம்.

இந்தக் கேள்வி எங்கள் மலைக்குப் புதிதல்ல. இதற்கு ஏறக்குறைய இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று எழுத நினைத்தோம்.

*துண்டும் தலைக்காசும்*

கோப்பிக் காலத்தில் தொடங்கியது இது. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கங்காணி போவார். பஞ்சத்தில் இருக்கும் சனத்துக்கு முன்பணம் கொடுப்பார். மலைக்குப் போனால் நிறையச் சம்பாதிக்கலாம் என்பார். வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கணக்கில் ஏறும். தொழிலாளி தோட்டத்தில் முதல் நாள் வேலைக்கு இறங்கும்போதே கடனாளி.

அந்தக் கடனை எழுதி வைத்த தாள்தான் துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் அந்தத் துண்டில் இருக்கும் கடனைப் புதிய தோட்டம் கட்டித் தீர்க்க வேண்டும். அதாவது மனிதனின் விலை ஒரு தாளில் எழுதியிருக்கும். அதை அவனால் வாசிக்க முடியாது. பெரிய கங்காணிக்கோ தன்னுடைய ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் தலைக்காசு. காய்ச்சலோடு படுத்திருப்பவரையும் பிரட்டுக்குக் கிளப்பியதற்குக் காரணம் அதுதான்.

1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிய ஆரம்பித்தது. தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு வந்து தம்பேத்தன்னையை வாங்கினார். பயிர் மாறியது, முதலாளி மாறினார், துண்டு மாறவில்லை. அதை ஒழிக்கும் சட்டம் 1921இல்தான் வந்தது.

*பேரும் அரைப்பேரும்*

துண்டு போனது, செக்ரோல் நின்றது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குப் பிறகு, 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயித்தார்கள். பிள்ளைக்கும் சம்பளம் என்பதைக் கவனியுங்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் வீட்டுக்கு 32 சதம் நட்டம். அன்றைய பெற்றோர் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பார்த்தார்கள். அவர்களில் பிழை இல்லை. கணக்கை அப்படி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்று வர 1984 ஆகிவிட்டது. கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்த கைகளுக்கு அதுவரை பதினொரு சதம் குறைவு என்ற அந்தப் பழைய மனக்கணக்குத்தான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'பேர்' என்றால் என்ன என்று தெரியும். சொன்ன கிலோவைப் பறித்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் அளவு வேறு. அதற்கு மேல் பறித்தால் மேல்கிலோவுக்குத் தனிக் காசு. ஆகவே எந்த நாளும் 'போதும்' என்ற நாள் இல்லை. தராசு பார்த்துச் சொல்லும் வரைக்கும் ஒரு பெண் தான் இன்றைக்கு முழு ஆளா, அரை ஆளா என்று அவளுக்கே தெரியாது.

இதற்கிடையில் 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அங்கேயும் எண்ணிக்கைதான். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை யாரோ ஒரு மேசையில் எழுதினார்கள்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். பண்டாரவளை, பதுளை, கொஸ்லாந்தை, ஹப்புத்தளை என்று பசாரில் கடை வைத்திருந்தவர்களில் எங்கள் உறவினரும் உண்டு. சம்பள நாள் வரைக்கும் அரிசி, மா, பருப்பு எல்லாம் கடனுக்குக் கொடுத்த நல்ல மனம் உண்டு. அதே கடைகளில் கடன் கொப்பியும் உண்டு. அந்தக் கொப்பியைக் கடைக்காரர் எழுதுவார், வாங்கியவர் வாசிக்க மாட்டார். எல்லோரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதும் கை எப்போதும் ஒரு பக்கத்திலேயே இருந்தது.

துண்டு, செக்ரோல், பிரஜாவுரிமை விண்ணப்பம், கடன் கொப்பி என்று நாலு புத்தகத்திலும் எங்கள் மலைச்சனம் எழுதப்பட்டிருக்கிறார்கள். நாலிலும் எழுதியவர்கள் அவர்கள் இல்லை.

*2014 ஒக்டோபர் 29*

தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம், புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் மீரியபெத்த டிவிசனில் மலை இறங்கியது. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சில பிள்ளைகளுக்கு லயம் இல்லை, சில பிள்ளைகளுக்கு அம்மா அப்பா இல்லை. அந்த நாட்களில் கொஸ்லாந்தை ஸ்ரீ கணேசா வித்தியாலயமும் பூனாகலைத் தமிழ் மகா வித்தியாலயமும் முகாம்களாக மாறின. வகுப்பறைக் கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த சனத்தை மறக்க முடியாது.

2005இலும் 2011இலும் இந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. போய் இருக்க வேறு வீடு இருக்கவில்லை.

இன்று நாங்கள் நினைவுபடுத்த விரும்புவது எண்ணிக்கையைப் பற்றி. முதல் நாள் செய்திகளில் மண்ணுக்குள் 300 பேர் வரை என்றார்கள். பிறகு 200க்குக் கிட்ட என்றார்கள். பிறகு 100 என்றார்கள். இறந்தவரும் காணாமற்போனவருமாகச் சேர்த்து 37 பேர் என்ற கணக்கு பிறகுதான் நிலைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு கிலோ கொழுந்து குறைந்தால் கண்டுபிடிக்கும் இடம் அது. யார் எத்தனை மணிக்குப் பிரட்டுக்கு வந்தார், யாருக்கு அரைப்பேர், யார் பெயரில் எவ்வளவு கழிவு என்று நூறு வருடமாக எழுதிக்கொண்டிருந்த இடம். அந்த இடத்தில், மலை விழுந்த காலையில், வீட்டுக்குள் யார் இருந்தார்கள், மலையில் யார், கொழும்பில் யார் என்று உடனே எடுத்து நீட்ட ஒரு பட்டியல் இருக்கவில்லை. சம்பளத்துக்கு எண்ணினார்கள், உயிருக்கு எண்ணவில்லை.

தப்பியவர்களில் பலர் மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நீண்ட காலம் இருந்தார்கள். 75 வீடுகள் கட்டிக் கையளித்தது 2016 ஒக்டோபரில். கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

*கொழும்பில் சிலர் சம்பளமில்லாமல் எழுதிய பக்கம்*

இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு கதை இருக்கிறது. மீரியபெத்தக்குப் பத்து வருடம் முந்தியது.

2004 டிசம்பர் 26. சுனாமி. நாட்டில் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. யாரைக் காணவில்லை, எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு முகாமில் பிஸ்கட் மலைபோல் குவிந்திருக்கும், பக்கத்து முகாமில் குழந்தைக்குப் பால்மா இல்லை.

அப்போது கொழும்பில் கணினித் துறையில் இருந்த இலங்கைப் பிள்ளைகள் சில நாட்களுக்குள் கூடினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசனும் தனியார் நிறுவனங்களில் வேலை செய்த தொண்டர்களும் சேர்ந்து இரவு பகலாக ஒரு வலைச் செயலி எழுதினார்கள். காணாமற்போனவர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனப் பதிவு, தேவைகளின் பட்டியல். பி.எச்.பி. என்ற மொழியில் எழுதினார்கள். ஆரம்பநிலை மாணவர்கள் இன்றும் படிக்கும் மொழிதான் அது. எங்கள் உயர் தர தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திலும் அது இருக்கிறது.

அதற்கு 'சஹன' என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அரசாங்கத்தின் சுனாமி செயற்பாட்டு மையம் அதைப் பயன்படுத்தியது.

அவர்கள் அதைப் பூட்டி வைத்து விற்கவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்குப் போனது. 2006 பெப்ரவரி 17ஆம் திகதி பிலிப்பைன்ஸின் தெற்கு லெய்ட்டேயில் கின்சவுகொன் என்ற கிராமத்தின் மேல் மலை சரிந்தது. அங்கே பாடசாலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் புதைந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மீரியபெத்தயில் பிள்ளைகளைக் காப்பாற்றியது பாடசாலை. அங்கே பிள்ளைகளைப் பாடசாலையிலேயே மண் மூடியது. அந்த மண்சரிவுக்கும் உதவப் போனது இலங்கைப் பிள்ளைகள் எழுதிய சஹன. 2010இல் ஹெயிட்டி பூகம்பத்துக்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்குக் கொடுத்தது.

இந்தப் பக்கங்கள் எல்லாம் ஓடும் வலை என்பதும் அப்படித்தான் வந்தது. டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் யோசனையை எழுதினார். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அந்த ஆய்வுகூடம் யாரும் காசு கட்டாமல் இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. அன்று அதற்குக் கட்டணம் வைத்திருந்தால் கொஸ்லாந்தைப் பையன் பாடசாலைக் கணினியில் இருந்து ஒரு பக்கம் எழுதியிருக்க முடியாது.

"எவ்வளவு வரும்?" என்று அந்த ஆட்களிடம் முதல் வாரத்தில் யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? ஒன்றும் வராது என்பதுதான் உண்மையான பதில்.

*ஆனால் ஒரு விசயம்*

இங்கே நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா பிள்ளைகளே, காசை நினைக்காமல் படியுங்கள்" என்று சொன்னால் நாங்கள் பொய்யர்கள்.

சஹன எழுதியவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால்தான் இரவை இலவசமாகக் கொடுக்க முடிந்தது. எங்கள் பையனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய அம்மா பறிக்கும் கொழுந்தில்தான் அவனுடைய டேட்டா காட்டும் பஸ் காசும்.

2015இல் தொழிலாளர்கள் ஒரு நாளைக்கு 1,000 ரூபா கேட்க ஆரம்பித்தார்கள். 2016இல் 730 என்றார்கள். 2019இல் 750. 1,000 சட்டமாக வந்தது 2021 மார்ச்சில்தான். ஆறு வருடம். அடுத்த வருடமே நாடு விழுந்தது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் கொழும்புக் கணக்கில் 70 வீதத்தைத் தொட்டது. ஆறு வருடம் தெருவில் நின்று வாங்கிய ஆயிரத்தை மாவும் பருப்பும் ஒரு வருடத்தில் தின்றுவிட்டன. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது, வழக்குகளுக்குப் பிறகு அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தது.

இந்தச் சனத்துக்குப் போதும் என்ற மனம் வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு ஒரு தகுதியும் இல்லை. மாதச் சம்பளம் எடுக்கும் ஆசிரியர், நாட்கூலி எடுக்கும் தாய்க்குப் பொறுமை பற்றி வகுப்பு எடுப்பது அநியாயம். கூடக் கேட்பது உரிமை. நியாயமான கூலி கேட்பது பேராசை இல்லை.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். உழைத்தவருக்கு உரியதைக் கொடு என்பது ஒன்று. எவ்வளவு வந்தாலும் இன்னும் வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட வேண்டும் என்பது வேறொன்று. முதலாவது தொழிலாளி கேட்டது. இரண்டாவது தலைக்காசு வாங்கிய கங்காணியின் கேள்வி. இப்போது அந்தக் கேள்வியை நாங்களே எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறோம்.

முஸ்லிம் வீடுகளிலும் இதே கதைதான். "கட்டார் போனால் எவ்வளவு? டுபாய் போனால் எவ்வளவு?" கலியாண வீட்டில் பிள்ளையின் படிப்பைக் கேட்பதற்கு முன் வருமானத்தைக் கேட்கிறோம். பரகத் என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு மனதில் கல்குலேட்டர் வைத்திருக்கிறோம்.

2022க்குப் பிறகு இது இன்னும் கூடிவிட்டது. "ஆறு மாதத்தில் வெப் டெவலப்பர், மாதம் இரண்டு லட்சம்" என்று விளம்பரங்கள். கடன் எடுத்துக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும். மலைக்குப் போனால் நிறையச் சம்பாதிக்கலாம் என்று முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த கதைக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்? வேலைக்கு இறங்கும் முதல் நாளே பிள்ளை கடனாளி.

*ஆரம்பிப்பவருக்கு உண்மையில் என்ன தேவை*

ஏற்கெனவே இந்தத் துறையில் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்டுத்தான் சொல்கிறோம்.

எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டும் அடிப்படை. ஒரு பக்கத்தைக் கட்டி அலங்கரிக்க ஒரு பிள்ளைக்குச் சில வாரம் போதும். ஜாவாஸ்கிரிப்ட் மாதக்கணக்கில் எடுக்கும். தகவலைச் சேமித்து வைத்து எடுப்பது, அதற்கு ஒரு பின்புல மொழி, எல்லாம் சேர்ந்து கை பழக ஒரு வருடத்துக்கு மேல் போகும். பாடம் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. கிடைக்காதது மூன்று: ஒரு கணினி, டேட்டா, நச்சரிப்பு இல்லாத ஒரு வருடம்.

முதல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். மூன்றாவதுதான் கஷ்டம். அதை வீட்டுக்காரரும் ஊராரும்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பழகும்போது எதைச் செய்து பழகுவது என்பது முக்கியம். யாரோ ஒரு வெளிநாட்டுக் கடைக்குப் போலிப் பக்கம் செய்து பழகுவதை விட, தங்கள் ஊருக்குத் தேவையான ஒன்றைச் செய்து பழகினால் பிழை எங்கே என்று உடனே தெரியும். ஏனென்றால் பட்டியலில் பாட்டியின் பெயர் பிழையாக இருந்தால் பாட்டியே வந்து சொல்வார். லயத்துப் பட்டியல், வாசிகசாலைப் புத்தகப் பதிவு, மரணாதாரச் சங்கக் கணக்கு, பஸ் நேரம். இவை சின்ன வேலைகள். ஆனால் எழுதும் கை முதல் தடவையாக எங்கள் பக்கம் வருகிறது.

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் மீண்டும் என்ன பாடுபட்டது என்பதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மலை இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. மழையும் வரத்தான் போகிறது. பாதுகாப்பான வீடும் காணியும் கொடுக்க வேண்டிய பொறுப்பு பெரிய இடங்களுக்கு உரியது, அதை ஒரு பையனின் வலைப் பக்கம் தீர்க்காது. ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலாவது எங்கள் கையில் இருக்கலாம்.

*நாங்கள் கேட்பது*

அந்தப் பையன் போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தான். பாடசாலைக்கும் வந்தான். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. கொஞ்ச நேரம் எதையெதையோ கதைத்துவிட்டுக் கேட்டான்.

"சேர், அந்தப் பக்கம் இன்னும் இருக்கா?"

இருந்தது. அதே பழைய கணினியில். திறந்து பார்த்தான். இரண்டு குடும்பம் வேறு இடம் போய்விட்டது. ஒரு தாத்தா இறந்துவிட்டார். ஒரு குழந்தை பிறந்திருந்தது. ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினான். அந்த எழுத்துப் பிழையையும் திருத்தினான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.

அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அவனுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஆனால் கடைக்கு லீவு போட்டு வந்த பையன் தன் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை அதற்கு வைத்திருந்தான். இவனுக்கு ஒரு வருடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்ற கேள்வி அன்றிலிருந்து எங்களைத் தூங்க விடவில்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதையாவது புதிதாகப் பழக ஆரம்பித்தால், முதல் வருடம் மட்டும் "எவ்வளவு வரும்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு என்ன செய்தாய், காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை, பாருங்கள்.

ஆசிரியர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தொகை சொல்லாதீர்கள். எங்களைப் போல் சொல்லிவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். "இது ஒரு தொழில். பழக நாள் எடுக்கும். பழகியவருக்குச் சோறு போடும், எல்லோருக்கும் லட்சம் போடாது" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

வசதியுள்ள உறவுகளிடம், குறிப்பாகப் பள்ளிவாசல், கோயில், பழைய மாணவர் சங்கம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். புலமைப்பரிசில் என்றால் உயர் தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். சாதாரண தரம் முடித்த ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை ஊர் சேர்ந்து சுமக்க முடியுமா என்று யோசியுங்கள். டேட்டா, பஸ் காசு, வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணமாக இருக்க வேண்டும். கடனாகக் கொடுத்தால் அதுவும் ஒரு துண்டுதான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. சம்பாதியுங்கள். நன்றாகச் சம்பாதியுங்கள். அம்மாவின் கூடையை இறக்கி வையுங்கள். ஆனால் நீங்கள் எழுதும் முதல் பக்கம் உங்கள் லயத்தின் பெயர்களாக இருக்கட்டும். எங்கள் சனத்தின் பெயர்களை இவ்வளவு காலமும் மற்றவர்கள்தான் எழுதினார்கள்.

இந்தப் பதிவில் ஏதாவது பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்துகிறோம். மீரியபெத்தயில் உறவுகளை இழந்தவர்களுக்கு இறைவன் ஆறுதலைத் தரட்டும். எங்கள் பிள்ளைகளின் கைகளில் பரகத்தைத் தரட்டும்.